மைக்கை அணைத்த பிறகு

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். முதல் ஆட்டம் நாலு மணிக்குத்தானே? இப்போது மூன்று பத்து. மதுரையிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் இந்த வெயிலில் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள், டீ குடிக்காமல் ஆரம்பிக்க விடமாட்டேன். டீக்குத் தடை இல்லையே? உங்கள் ஆட்கள் அனுப்பிய தாளில் பதினாறு விதி இருக்கிறது, எல்லாவற்றையும் படித்துவிட்டேன். நாலாவது விதி, காதைக் காட்ட வேண்டும். காட்டுகிறேன். கம்மலைக் கழற்றியே காட்டுகிறேன். அரைப் பவுன் கம்மல் எனக்கு மூவ் சொல்லித் தரவில்லை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கோபமா? உங்கள் மேல் இல்லை மேடம். நீங்கள் கண்காணிப்பாளர், உங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஆறு ஆட்டத்தையும் பக்கத்தில் இருந்து பார்ப்பீர்கள், இவள் கள்ள ஆட்டம் ஆடுகிறவளா இல்லையா என்று எழுதிக் கொடுப்பீர்கள். ஆமாம் என்று எழுதினால் இணையத்தில் நான் சதுரங்கம் ஆடும் கணக்கை மூடுவார்கள், மாநில மகளிர் இறுதிப் போட்டியிலிருந்து என் பேரை அடிப்பார்கள், ஏமாற்றினவர்கள் பட்டியலில் ஏற்றி ஊர் உலகம் பார்க்கும்படி போடுவார்கள். சரி, போடட்டும். ஆனால் அதற்கு முன்னால் ஐம்பது நிமிஷம் இருக்கிறது. நான் சொல்வதைக் கேளுங்கள். இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

முதலில் அதோ, அந்தச் சுவரில், அலமாரிக்கு மேலே பாருங்கள். அந்தக் கப். மாவட்டப் பள்ளிகளுக்கிடையேயான சதுரங்கம், பெண்கள் பிரிவு, முதல் இடம். பதினோராம் வகுப்பில் வாங்கினது. பன்னிரண்டு வருஷமாக வாரா வாரம் துடைக்கிறேன். கான்வென்டில் படித்தவள் நான். பரீட்சையில் ரப்பர் இரவல் வாங்கக்கூட எழுந்து நின்று கையைத் தூக்க வேண்டும். அப்படி வளர்ந்தவளைப் பார்த்து, அந்த மதிவதனன்...

இருங்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

என் சேனலின் பேர் 'மூணு நிமிஷம்'. ஆளுக்கு மூன்று நிமிஷம் கடிகாரம், அதற்குள் ஆட்டம் முடிய வேண்டும், ராஜா மாட்டாவிட்டாலும் நேரம் தீர்ந்தவர் தோற்றார். உங்களுக்குத் தெரியாததா? என் அத்தைக்குச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள். ஒரு வாரமாக என் மாமியாருக்கு இதை விளக்கி விளக்கி வாய் பழகிவிட்டது. கடைசியில் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "ஏளா, மூணு நிமிசத்துல அப்பளம் பொரிக்க முடியாது, அதுக்குள்ள நீ என்னத்த ஏமாத்துன?"

சேனலை ஆரம்பித்தது நான் இல்லை, என் வீட்டுக்காரர். பேர் ரீகன். கல்யாண வீடியோ எடுப்பவர். கல்யாணமான புதிதில் நான் போனில் ஆடிக்கொண்டே எனக்கு நானே பேசிக்கொள்வதைப் பார்த்தார். "வின்சி, நீ பேசுறதுதான் நல்லாருக்கு. நீ பேசு, மீதிய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஆடுவது நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். பேசுவது.

பேசினேன். மூன்று வருஷம் பேசினேன். "வா மக்கா வா, குதிரை வாசலுக்கு வந்தாச்சு, காபி குடிக்காமப் போவாது" என்பேன். ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "வச்சுக்கோ, சீர்வரிசை" என்பேன். முந்நூறு பேர், நானூறு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். சிரித்தார்கள். பத்து ஆட்டத்தில் ஆறு தோற்பேன். அந்த ஆறில் நாலு, நேரம் போய்த் தோற்பது. பலகையில் யானை மிச்சம் இருக்கும், கடிகாரத்தில் நொடி மிச்சம் இருக்காது. ரேட்டிங் ஆயிரத்து எழுநூற்று எண்பதுக்கும் ஆயிரத்து எண்ணூற்று இருபதுக்கும் நடுவில், புதுமருமகள் மாதிரி, அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தது. வாசல்படி தாண்டவில்லை.

அப்புறம் ஜோவி பிறந்தாள். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அத்தை மடியில் போட்டு ஆட்டுகிறார்களே, அவள்தான், இன்றைக்கு மூன்று மணிக்குத்தான் தூங்கினாள். ஏழு மாசம்.

அவளுக்கு ஒரு குணம் மேடம். சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் முழிப்பாள். இன்னொரு குணம், என் குரல் கேட்கக் கூடாது. குக்கர் விசில் அடிக்கட்டும், பக்கத்து வீட்டில் மாவரைக்கும் சத்தம் வரட்டும், ஒன்றும் செய்யாது. நான் வாயைத் திறந்தால் போதும், முழித்து என்னைத் தேடுவாள். பகலில் இரண்டு மணிக்குத் தூங்கினால் மூன்றரை வரை தூங்குவாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்னுடையது. அதில் தூங்குவேனா, குளிப்பேனா, துணி மடிப்பேனா? ஆடினேன்.

தொட்டில் கயிற்றை வலது கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வேன். கால் ஆட்டும், கை ஆடும். மைக்கை அணைத்துவிட்டேன். கேமராவையும் அணைத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும். நைட்டியோடு உட்கார்ந்திருப்பேன், பாதி நாள் அவள் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருப்பாள். வலது கையில் பிள்ளை, இடது கையில் மவுஸ். திரையில் 'பாப்பா தூங்குது' என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தேன். நானூறு பேர் நாற்பது பேர் ஆனார்கள். ரீகன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஊமைப் படம் யாரு பாப்பா?" என்றார்.

முதல் மாசம் தோற்றேன். இரண்டாவது மாசம் ஒன்று நடந்தது. எதிரில் ஆடுகிறவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. பலகையிலே தெரிந்தது. இந்த பிஷப்பை ஏன் இங்கே கொண்டுவந்தான், அந்தச் சிப்பாயை ஏன் தள்ளினான், எல்லாம் அவன் சொல்லிக்கொண்டேதான் ஆடியிருக்கிறான். மூன்று வருஷமாக என் காதில் விழவில்லை. நான் பேசிக்கொண்டிருந்தேன்.

இடது கை மெதுவாகத்தான் போகும். அதனால் வித்தை காட்டுவதை விட்டேன். ராணியைக் கொடுத்தால் ராணியை வாங்கிக்கொள்வேன். காய்களை மாற்றிப் பலகையைக் காலி பண்ணிவிடுவேன். ஒரு யானை, நாலு சிப்பாய், ஒரு ராஜா. அங்கே நான் தோற்கமாட்டேன். ஏனென்றால் பால் கொடுக்கும் நேரமெல்லாம் பிள்ளையின் தலைக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் பார்த்தேன்: யானையும் சிப்பாயும் மிஞ்சினால் ராஜா எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும். ஒற்றைக் கையால் போனில் ஆட முடியாது மேடம், பார்க்க மட்டும்தான் முடியும். பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பால், எட்டுத் தடவை பாடம்.

ஆறு மாசத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது. மாநில இறுதியில் எட்டுப் பேரில் ஒருத்தி. நான் படித்த பள்ளியிலேயே கூப்பிட்டு, ஜூனிலிருந்து பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறாயா என்று கேட்டார்கள். அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் வீடியோ வந்தது.

மதிவதனன். கோயம்புத்தூர்க்காரன். 'வேகக்குதிரை' என்று சேனல், அறுபதாயிரம் பேர் பார்க்கிறார்கள். என்னிடம் மூன்று தடவை தோற்றவன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீடியோவுக்கு அவன் வைத்த தலைப்பு, 'வாய் மூடிய அக்கா, வாய் பிளந்த ரேட்டிங்'. இருபத்திரண்டு நிமிஷம். கேமரா ஏன் இல்லை, மைக் ஏன் இல்லை என்று பத்து நிமிஷம். மீதிப் பன்னிரண்டு நிமிஷம் ஒரு படம் போட்டான். என் நாற்பது ஆட்டத்தில் ஒவ்வொரு மூவுக்கும் நான் எடுத்துக்கொண்ட நேரம். கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. மூன்று நொடி, மூன்று நொடி, மூன்று நொடி. "பாருங்க மக்களே, சுலபமான மூவுக்கும் மூணு நொடி, கஷ்டமான மூவுக்கும் மூணு நொடி. சாப்பாட்டுல உப்பு போடறதுக்கும், பொண்ணுக்கு மாப்ள பாக்கறதுக்கும் ஒரே டைம் எடுத்துக்குவாங்களா யாராச்சும்? பக்கத்துல எஞ்சின் ஓடுதுங்க. கம்ப்யூட்டர் சொல்லுது, அக்கா வைக்கறாங்க."

நன்றாகத்தான் சொன்னான், பாவி. எனக்கே ஒரு நிமிஷம், யாரோ திருடியின் ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஜோவியை ஆட்டிக்கொண்டே அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்று நொடி. என் காலைப் பார்த்தேன். தொட்டில் போகிறது, வருகிறது. எண்ணினேன். போய் வர மூன்று நொடி. போகும்போது யோசிக்கிறேன், வரும்போது வைக்கிறேன். எனக்கே தெரியாது மேடம்! ஆறு மாசமாக என் கை என் காலைக் கேட்டுக்கொண்டுதான் நகர்ந்திருக்கிறது. அவன் அறுபதாயிரம் பேருக்கு எஞ்சின் என்று காட்டினது என் பிள்ளையின் தொட்டில்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ரீகனும் அதைத்தான் சொன்னார். "சொல்லிரு வின்சி. தொட்டில ஒரு வீடியோ எடுத்துப் போடுதேன். பாப்பா கால் மட்டும் தெரியிற மாதிரி, பின்னால லேசா ஒரு மியூசிக். ஜனம் அழுதுரும்."

"ஜனம் அழ வேண்டாம். நான் பால் கொடுத்துக்கிட்டு ஆடினேன்னு அத்தனை பேருக்கும் நான் ஏன் சொல்லணும்? அவன் குளிக்கிறதையும் கொப்புளிக்கிறதையும் எனக்குச் சொல்லிட்டா ஆடுறான்?"

"அப்ப நீ திருடின்னுதான் நெனைப்பாங்க."

"நீங்க நெனைக்கிறீங்களா?"

மூன்று நொடி எடுத்துக்கொண்டார். அப்புறம், "ச்சே, நான் நெனைப்பனா" என்றார். அந்த மூன்று நொடியை எந்தப் படத்தில் போடுவது?

மறுநாள் அவர் ஒரு காரியம் செய்தார். என்னைக் கேட்காமல், சேனலில் அவரே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் வேர்வை. கையைக் கூப்பிக்கொண்டு, "வணக்கம் மக்களே. எங்க தரப்புல ஏதாச்சும் குத்தங்குறை இருந்திருந்தா பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கணும். உங்க ஆதரவு எப்பவும் வேணும்." அவ்வளவுதான். ஒன்பது நொடி. பத்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிற மனுஷன்! ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தி முடிந்ததும் பெண்ணுடைய அப்பா கையைக் கூப்பிக்கொண்டு இதைத்தான் சொல்வார். குறை இருந்ததாக அர்த்தமா? மரியாதைக்குச் சொல்வது. சாப்பிட்டவர்கள் "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் அதே ஞாபகத்தில் சொல்லிவிட்டார். ஆனால் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது பந்திக்கு வந்தவர்களா? பத்தே நிமிஷத்தில் மதிவதனன் அதை எடுத்துப் போட்டான்: 'அக்கா வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரு!'

"நான் மரியாதையாத்தான சொன்னேன்" என்கிறார். இன்று வரைக்கும் அதையே சொல்கிறார். மரியாதையால் மனைவியின் மானத்தை வாங்கின முதல் புருஷன் இவராகத்தான் இருப்பார்.

பள்ளியிலிருந்து சிஸ்டர் பெனிட்டா போன் பண்ணினார். "வின்சி, இட்ஸ் ஓகே மா. ஜூன் வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்." என்ன பொறுத்து, என்ன பார்ப்பது? எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? அந்தக் குரலில்தான் அவர் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்.

ஏமாற்றுவது என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது மேடம். அது சிஸ்டருக்கே தெரியும், அவர் கண் முன்னால்தான் நடந்தது. அந்தக் கப் வாங்கின அன்றைக்கு, எங்கள் பள்ளியில் நடந்த போட்டிக்கு அவர்தான் நடுவர். அரையிறுதியில் என்னோடு ஒரு பெண் ஆடினாள், நாங்குநேரிப் பக்கம் ஏதோ அரசுப் பள்ளி. பேர் மறந்துபோய்விட்டது, நீளமாக ஒரு சாமி பேர். எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், ரப்பர் செருப்பு. எங்கள் பள்ளிப் பெண்கள் மூன்று பேரை வரிசையாக அடித்துவிட்டு வந்திருந்தாள். நாங்கள் கோச் வைத்துப் படிக்கிறோம், இவள் எங்கே படித்தாள்? கேட்டால், ஊரில் டீக்கடையில் ஆடுவார்கள், பார்த்துப் படித்தேன் என்கிறாள். டீக்கடையில்! என்னோடு ஆடும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னலைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு வைக்கிற மூவ் ஒவ்வொன்றும் அடியாக விழுகிறது. நானும் திரும்பிப் பார்த்தேன். வெளியே அவள் அக்கா நின்றுகொண்டு விரலைக் காட்டுகிறாள். முதலில் ஐந்து விரல், கொஞ்சம் கழித்து நாலு.

எழுந்து நின்றேன். கையைத் தூக்கினேன். வெளியிலிருந்து இவளுக்குச் சொல்லித் தருகிறார்கள் சிஸ்டர் என்று சொன்னேன். இங்கிலீஷில்தான் சொன்னேன், அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்காரவைத்தார். அவள் சுவரைப் பார்த்து, நான் ஜன்னலைப் பார்த்து. அப்புறம் பாருங்கள், அவளுக்கு ஆட்டமே வரவில்லை. பத்தே மூவில் சுருண்டாள். ஜன்னலை எடுத்ததும் மூளையும் போய்விட்டது. அதைவிடச் சாட்சி வேண்டுமா? கேட்டதற்கு ஒரு கதை சொன்னாள். ஊருக்கு ஒரே பஸ்ஸாம், அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அக்கா காட்டினாளாம், விரலுக்குப் பத்து நிமிஷமாம். பஸ்ஸாம்! யாராவது நம்புவார்களா?

அதனால் சொல்கிறேன், ஏமாற்றுகிறவர்களைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொடுத்தவள் நான். என்னைப் பார்த்து...

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன், தெரியுமா? சவால் விட்டேன். கேமரா போட்டு, மைக் போட்டு, ஒவ்வொரு மூவையும் ஏன் வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஆடுகிறேன், வந்து பாருங்கள் என்றேன். ஜோவியை அத்தை தன் தங்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தலை வாரி, பொட்டு வைத்து, நல்ல சுடிதார் போட்டு உட்கார்ந்தேன். தொள்ளாயிரம் பேர் வந்தார்கள். என் சேனலில் அத்தனை பேர் வந்ததே இல்லை. என் கல்யாணத்துக்கே அத்தனை பேர் வரவில்லை.

பேசினேன். "குதிரையை இங்கே வைக்கிறேன், ஏனென்றால்..." ஏனென்றால் என்ன? வாயில் வார்த்தை வரும் முன்னால் ஆறு நொடி போய்விடுகிறது. வலது கையில் பிள்ளை இல்லை, மவுஸ் அதற்கு மாறியிருக்கிறது, எங்கெங்கோ ஓடுகிறது. கால் சும்மா இருக்கிறது. தொட்டில் இல்லாத கால் அதுபாட்டுக்கு ஆடுகிறது, எதுவும் திரும்பி வரவில்லை. ஆறு ஆட்டத்தில் ஐந்து தோற்றேன். நாலு, நேரம் போய். பழைய வின்சி அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாவது ஆட்டம் போகும்போது மதிவதனனே வந்து எழுதினான்: "எஞ்சின் லீவா அக்கா?"

தொள்ளாயிரம் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மேடம், கேமரா இருந்ததே. மூன்று வருஷம் சிரிக்க வைத்த வாய், வேறு என்ன செய்யும்?

அன்றைக்குத்தான் உங்கள் அமைப்புக்கு எழுதினேன். யாரையாவது என் வீட்டுக்கு அனுப்புங்கள், என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன். ஏன் தெரியுமா? கப்புக்கு இல்லை. இறுதிப் போட்டி போனால் போகட்டும். ஜோவிக்கு ஒரு நாள் படிக்கத் தெரியும். நம் பிள்ளைகள் முதலில் என்ன செய்யும்? அம்மா பேரைப் போனில் தட்டிப் பார்க்கும். மரிய வின்சி, பாளையங்கோட்டை. என்ன வரும்? 'வாய் மூடிய அக்கா'தான் வரும். எஞ்சின் லீவா என்று வரும். பார்த்துவிட்டு, என்னிடம் கேட்கக்கூட மாட்டாள். அவள் அப்பா மாதிரி மூன்று நொடி என்னைப் பார்ப்பாள். அந்த மூன்று நொடி வரக் கூடாது என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். எழுதாதீர்கள் அதை.

மணி என்ன? மூன்று ஐம்பதா? சரி, எழுந்திருக்கிறேன். காதைப் பாருங்கள். இந்தக் காது, அந்தக் காது. மேஜைக்கு அடியில் பாருங்கள். போன் ரீகனிடம் இருக்கிறது, அவரைத் தெருமுனைக்கே அனுப்பிவிட்டேன், அங்கேயாவது யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஏழாவது விதி: ஆடுகிறவர் அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. ஜோவி ஆளா மேடம்? ஏழு மாசம். அவளுக்குக் குதிரை எப்படிப் போகும் என்று தெரியாது, வாயில் வைத்துக் கடிக்கத் தெரியும். அவள் இந்த அறையில் தூங்க வேண்டும். கயிறு என் காலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் இன்றைக்கும் நடக்கும், நீங்களும் அதைத்தான் எழுதுவீர்கள். எழுதும்போது, தொட்டிலை எடுத்ததும் ஆட்டம் போய்விட்டது, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று...

ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

சரி என்கிறீர்களா? பிள்ளை இருக்கலாமா? நன்றி மேடம். கயிற்றையும் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் நூல் கயிறு. அத்தை! ஜோவியைத் தூக்கிட்டு வாங்க, மெதுவா. முழிச்சிரப் போறா. தொட்டில்ல போடுங்க. நீங்க வெளிய இருங்க அத்தை, கதவச் சாத்திக்கிடுங்க.

என்ன மேடம்? இனிக் காதோடுதான் பேச முடியும், அவள் முழித்துவிடுவாள். நாற்காலியைத் திருப்ப வேண்டுமா? ஜன்னலுக்கு முதுகு காட்டியா? ஆமாம், பன்னிரண்டாவது விதி. படித்தேன். படிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. இந்தப் பக்கமாகவா? இந்தச் சுவரைப் பார்த்தா?

சரி.

கயிறு எட்டுகிறது.

மேடம், அந்தக் கப்பை எடுத்துவிட முடியுமா? நேராகக் கண்ணில் படுகிறது. துணி போட்டு மூட வேண்டாம், எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். எங்கேயாவது.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நாலு மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், இதை நீங்கள் எழுதினாலும் சரி. அன்றைக்கு இடம் மாறினோமே. ஜன்னல் என் பக்கம் வந்ததே. அந்த அக்கா போகவில்லை. அப்புறமும் நின்றாள். மூன்று விரல் காட்டினாள். அப்புறம் இரண்டு. தங்கை திரும்பாததால் என்னைப் பார்த்தாள், அவளைக் காட்டி, கையை ஸ்டியரிங் மாதிரி வைத்துத் திருப்பி, அவளிடம் சொல்லு, சொல்லு என்று எனக்கு ஜாடை காட்டினாள். அப்புறம் ஒரு விரல். அப்புறம் கையை இறக்கிவிட்டாள். நான் என் யானையை நகர்த்தினேன். சிஸ்டரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

பிரம்மசக்தி. அந்தப் பெண்ணின் பேர் பிரம்மசக்தி.

மைக் ஓடுகிறதா? ஓடட்டும். இனி அதில் என் குரல் விழாது. தொட்டில் கயிறு உரசும் சத்தம் மட்டும் கேட்கும். கடிகாரத்தைப் போடுங்கள்.